பூச்சி மாத்திரை: எந்த வயசுக்கு எது ஒத்துவரும்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கே போய் மெடிக்கலில் "பிள்ளைக்குப் பூச்சி மருந்து" கேட்டாலும் பெரும்பாலும் கைக்கு வருவது அல்பெண்டசோல்தான். 400 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை, இல்லையென்றால் 10 மில்லி குட்டி பாட்டில். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் இலவசமாகத் தருவதும் இதே மருந்துதான். அதனால் பிள்ளை வாய்க்குள் எது சண்டையில்லாமல் இறங்குகிறது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டிருக்கிறோம்.

முதலில் மாத்திரை. பெரிய மாத்திரைதான், மென்று தின்னும்படி செய்தது. வெனிலா, அன்னாசி மாதிரி ஏதாவது ஒரு வாசனை சேர்த்திருப்பார்கள். முதல் கடிக்கு இனிப்பு, அப்புறம் சாக்பீஸ் மாவு நாக்கில் ஒட்டின மாதிரி இருக்கும். ஐந்து வயசுக்கு மேல் இது பிரச்சினையே இல்லை, மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் போச்சு. மூன்று வயசுக்குக் கீழே முழுசாகக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பொடித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுகிற பழைய வைத்தியம் வேண்டாம். அழுகிற பிள்ளை மூச்சை இழுக்கும்போது மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அழுகை நிற்கட்டும், இல்லை நாளைக்குக் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எந்தக் கம்பெனி மாத்திரை மெல்ல லேசு என்று பார்க்க ஒரு வழி: ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் மாத்திரையைப் போட்டு வையுங்கள். நல்லதாக இருந்தால் சற்று நேரத்தில் ஊறி, விரலால் அழுத்தினால் குழையும். சிலது கல் மாதிரி அப்படியே கிடக்கும். மேலே என்ன எழுதியிருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு அது தோதுப்படாது.

அளவுதான் வீட்டுப் பெரியவர்களைக் குழப்புவது. ஒரு வயசு முடிந்து இரண்டு ஆகும்வரை 200 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. இரண்டுக்கு மேல் 400. "ரெண்டு வயசுக்கும் பதினஞ்சு வயசுக்கும் ஒரே மாத்திரையா?" என்று அப்பத்தா கேட்பது நியாயம்தான். இந்த மருந்து ரத்தத்தில் சேர்வது கொஞ்சம், வேலையெல்லாம் குடலுக்குள்ளேயே. அதனால்தான் எடை பார்க்காமல் தருகிறார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, கூடவே விளக்கெண்ணெய் கொடுத்து பேதிக்கு விடவும் வேண்டியதில்லை.

ஒன்றிலிருந்து மூன்று வயசுவரை எங்கள் ஓட்டு பாட்டிலுக்கே. வழக்கமான பாட்டிலில் 5 மில்லிக்கு 200 மில்லிகிராம் இருக்கும். லேபிளில் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதில் தவறு நடப்பது குலுக்காமல் ஊற்றும்போது. மருந்து அடியில் தங்கிவிடும். மேல் பாதி வெறும் சர்க்கரைத் தண்ணீர், கீழ் பாதி கெட்டி. அரை பாட்டில் மட்டும் கொடுக்கும் குழந்தைக்கு அளவே மாறிப்போகும். வீட்டு ஸ்பூனை நம்பாமல் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு டம்ளர் பாலில் கலக்காதீர்கள். பாதி டம்ளர் மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் போச்சு.

குணம் எப்படி? உருண்டைப்புழுவுக்கு ஒரு வேளையே நன்றாகக் கேட்கும். செம்மண்ணில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகளின் பாதம் வழியாக ஏறும் கொக்கிப்புழுவுக்கும், மெபெண்டசோல் என்ற இன்னொரு பூச்சி மருந்தை ஒரு வேளை கொடுப்பதை விட இதுவே மேல். சாட்டைப்புழுவிடம்தான் தோற்கிறது. அதற்காக அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற வேறொரு புழு மருந்தையும் சேர்த்து மாம்பழச் சுவையில் ஒரு மாத்திரை வந்திருக்கிறது. எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் 5 முதல் 18 வயசுவரை உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சாட்டைப்புழுவுக்கு அல்பெண்டசோல் மட்டும் கொடுத்ததை விட இது வெகுவாக முந்தியது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்துச் சொன்னது.

நம் கடைகளில் "பிளஸ்" என்ற பெயரோடு இதே இரண்டு மருந்தும் சேர்ந்த சரக்கு உண்டு. அதில் ஐவர்மெக்டின் அளவு வேறு. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்டர் எழுதாமல் அதை வாங்காதீர்கள். பேர் பெரிசு என்று கேட்டு வாங்குகிற சங்கதி இல்லை இது.

ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்றால் கீரிப்பூச்சி. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. லீவுக்கு வந்த பிள்ளைகள் பெரிய வீட்டில் ஒரே பாயில் படுக்கிறவர்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அன்றைக்கே போர்வை துவைத்து, நகம் வெட்டிவிடுங்கள்.

கொடுத்த அன்று லேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்குத் தள்ளிப்போடுங்கள். வலிப்பு வந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்தே வலிப்பைக் கிளப்பிவிடும். வீட்டில் கொடுத்தாயிற்று என்றால் அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறுபடியும் கொடுத்துவிடப் போகிறார்கள்.