லிப்போசோமா, நுண்துளை சிலிக்காவா? மட்டக்களப்பிலிருந்து ஒரு கணக்கு

மருந்தை நோயுள்ள இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே மட்டும் இறக்க வேண்டுமென்றால், எதில் ஏற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. என் ஆய்வுக்கு நான் எடுத்தது நுண்துளை சிலிக்கா நனோ துணிக்கை. எதிரே நின்றது லிப்போசோம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ ஆய்வுத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் சிலிக்காவின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லிப்போசோம் எல்லாருக்கும் தெரிந்ததே. கொழுப்புப் படலத்தாலான மிக நுண்ணிய உருண்டை, உள்ளே நீர். 1995இல் டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்போசோமில் ஏற்றிய டொக்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிகளிடம் இத்தனை வருடம் பழகிய மருந்துக்காவியோடு அந்த விடயத்தில் சிலிக்கா போட்டி போட முடியாது. நுண்துளை சிலிக்காவில் ஏற்றிய புற்றுநோய் ஊசிமருந்து எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

சிலிக்காவின் கதை எண்ணெய்க் கம்பனியில் தொடங்கியது. 1992இல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்.சி.எம்-41 என்ற நுண்துளை சிலிக்காவை வெளியிட்டார்கள். தேன்கூடு மாதிரி வரிசையாகத் துளைகள். ஒரு கிராம் தூளுக்குள் 1000 சதுர மீற்றர் அளவுக்கு மேற்பரப்பு. 2001இல் ஸ்பெயினில் மரியா வலே-ரெகியின் குழு அதில் வலிநிவாரணியான இபுபுரூபனை ஏற்றி, அது மெல்ல மெல்ல வெளிவருவதைக் காட்டியது.

என் முடிவைத் தீர்த்தது பராமரிப்பு. லிப்போசோமை நீரில் மிதக்கவிட்டபடி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடேறினால் படலம் தளர்ந்து மருந்து கசியும். உறைந்தால் பனிப்பளிங்கு படலத்தைக் கிழிக்கும். மூலப்பொருளான பொஸ்போலிப்பிட்டுக்குப் பெரும்பாலும் −20 பாகை வேண்டும். கொழும்பில் இறங்கி இங்கே வந்து சேரும்வரை அந்தக் குளிர் விடுபடக் கூடாது. 2022இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இப்போது நிலைமை மேல்தான். ஆனாலும் கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் ஒரு பிற்பகல் கரண்ட் நின்றாலே பிரிட்ஜுக்குள் இருப்பதை நம்ப முடியாது. இலேசான நீலம் ஓடிய வெண்கலங்கலாக இருந்த கரைசலின் அடியில் வெள்ளையாகத் திப்பி படிந்துவிடும். துணிக்கையின் அளவைப் பார்க்க மாதிரியை வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. வழியிலேயே மாதிரி மாறிவிட்டால் அளந்து வரும் எண்ணை வைத்து என்ன செய்வது? சர்க்கரை சேர்த்து, உறையவைத்து உலர்த்தும் வழி உண்டு. சரி, அதற்கும் தனி இயந்திரம் வேண்டுமே.

சிலிக்கா உலர்ந்த தூள். மருந்தை ஏற்றி, கழுவி, உலர்த்தி, இறுக மூடிய குப்பியில் அலுமாரிக்குள் வைத்துவிடலாம். துளைகள் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாவியோரக் காற்றில் குப்பியைத் திறந்து வைக்கக் கூடாது. தூள் அவ்வளவு இலேசு, கரண்டி நுனியில் எடுக்கும்போதே பறக்கும், முகக்கவசம் கட்டாயம். மாதக்கணக்கில் வைத்தாலும் துளை அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் மருந்து நிற்குமா என்பது அந்தந்த மருந்தைப் பொறுத்தது. ஒரு குறையும் உண்டு: நன்றாக உலர்ந்த தூள் திரும்ப நீரில் கலக்கும்போது கட்டிபடும், அல்ட்ராசொனிக் தொட்டியில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

அப்புறம் உமி. அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளில் அது குவிந்து கிடக்கிறது. அமிலத்தில் கழுவி 600 பாகையளவில் எரித்தால் கிடைக்கும் வெள்ளைச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காதான். அதைக் காரத்தில் கரைத்தால், சிலிக்கா செய்ய விலைகொடுத்து இறக்கும் ரி.ஈ.ஓ.எஸ் என்ற இரசாயனம் இல்லாமலே வேலையைத் தொடங்கலாம். அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் சிலிக்கா பளிங்காகிவிடும். சுவாசப்பைக்குக் கெடுதி செய்வது அந்த வடிவம்தான்.

குறிபார்க்கும் விடயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டின் மேலும் போலிக் அமிலத்தைக் கட்டி, அதற்கான ஏற்பி அதிகமுள்ள புற்றுநோய்க் கலங்களைத் தேடவைக்கலாம். அமிலத்தன்மை கூடிய இடத்தில் திறக்கும் கதவைத் துளைவாயில் பொருத்துவது சிலிக்காவில் இலகு. ஆனால் 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உடலில் செலுத்திய நனோ துணிக்கைகளில் புற்றுக்கட்டியைச் சென்றடைவது இடைநிலையாக 0.7 வீதம்தான். ஈரலும் மண்ணீரலும் நிறையப் பிடித்துக்கொள்கின்றன. நான் எலியில்கூடச் செலுத்திப் பார்த்ததில்லை. ஆகவே உடலுக்குள் எது மேல் என்று என் கைப்பட்ட அனுபவத்தில் சொல்ல மாட்டேன். விலங்குப் பரிசோதனைவரை போகும் வசதியும் நம்பகமான குளிர்ச்சங்கிலியும் இருக்கிறவர்கள் லிப்போசோமை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

சிலிக்காவை எடுக்கிறவர்கள் சி.ரி.ஏ.பி விடயத்தில் கவனமாக இருங்கள். துளையை உருவாக்கும் இந்தப் பொருளே கலங்களைக் கொல்லும். 550 பாகையில் சுட்டோ, அமிலம் கலந்த எதனோலில் கொதிக்கவைத்தோ அதை முழுதாக அகற்றுங்கள். சுடுவதாக இருந்தால் போலிக் அமிலம் கட்டும் வேலையைச் சுட்ட பிறகே வையுங்கள். மருந்து ஏற்றாத வெறும் சிலிக்காவையும் அதே கலங்களில் சோதித்துப் பாருங்கள். அதிலும் கலங்கள் செத்தால், கொன்றது மருந்து என்று எழுத முடியாது.