அல்பியன் ஹில்ஸ்: நடையா, ஸ்கீயிங்கா?

ரொறன்ரோவுக்கு வடமேற்கே, போல்டன் ஊரைத் தாண்டினால் அல்பியன் ஹில்ஸ் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. ஹம்பர் ஆறு இதற்குள்ளே ஓடுகிறது. 1954 அக்டோபரில் ஹேசல் புயலின்போது ரொறன்ரோவில் வீடுகளையே அடித்துக்கொண்டு போன அதே ஆறுதான்; இங்கே பார்த்தால் நம்ப முடியாது, அவ்வளவு சாது.

நடைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், நல்ல சப்பாத்து போதும். மே மாதம் போங்கள், வெள்ளை டிரில்லியம் பூக்கும் காலம். உண்ணி ஏறாமல் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், அதாவது காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போவது, அப்படியில்லை. ஜனவரியில் ஒரு மழை பெய்தால் போச்சு, எனவே பனி நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பனியைப் பிடிக்க மெழுகு பூசத் தேவைப்படாத ஸ்கீயின் அடியில், பாதத்துக்கு நேர் கீழே, மீன் செதில் போல வெட்டுகள் இருக்கும். உடல் எடையை முழுதாக ஒரு காலில் இறக்கினால் அது பனியைப் பிடிக்கும். எடையை எடுத்தால் வழுக்கும். இந்தத் தாளம் பிடிபடும்வரை விழத்தான் வேண்டும். இது மேடுபள்ளமான நிலம் வேறு. இறக்கத்தில் ஸ்கீகளின் முன் நுனிகளைச் சேர்த்து, பின் நுனிகளை விரித்தால் வேகம் குறையும். தடித்த ஜாக்கெட் வேண்டாம், வியர்த்துக் கொட்டும்.

அம்மா அப்பாவோடு என்றால் யோசிக்காமல் நடை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் முடங்கிச் சலித்தவர்களுக்கு என் ஓட்டு ஸ்கீயிங்குக்கே. அப்புறம் ஒன்று: குளிர்காலத்தில் நடப்பவர்கள் ஸ்கீ தடத்தில் கால் வைக்காதீர்கள். காலடிக் குழி இரவில் உறைந்துவிடும்; மறுநாள் வருகிறவர் அதில் தடுக்கி விழுவார்.