பாலிசி இருந்தது, பிரஸ் ஓட்டுபவருக்கு இல்லை

கோவையில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் நடத்துகிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மூன்று, ஏழு பேர், எல்லாம் ஜாப் ஒர்க். என்னைப் போலப் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஓட்டுகிறவர்கள், பீரோவில் கிடக்கும் டபிள்யூ.சி. பாலிசியை (தொழிலாளிக்கு அடிபட்டால் நாம் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கான இன்சூரன்ஸ்) இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். அதற்குக் கீழே இருக்கிற நம் பட்டறையில் ஒருவருக்கு அடிபட்டால் பணம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இன்சூரன்ஸ் போடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. நஷ்டஈடு கொடு என்று மட்டும் கட்டாயப்படுத்தியது. அதற்குப் பயந்துதான் நானும் பாலிசி போட்டேன்.

2022இல் விசாரித்தபோது ஒருவர் வருடத்துக்கு 14,000 ரூபாய் கேட்டார். எங்கள் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஏஜென்ட் 5,600க்கு முடித்துத் தருகிறேன் என்றார். "அதே கவர்தானுங்ணா, நம்மளுக்கு கம்பெனில ஆள் இருக்குது." படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடத்தில் பென்சிலால் டிக் அடித்துக் கொடுத்தார். மற்ற கட்டமெல்லாம் காலி. போட்டுக் கொடுத்தேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

அடுத்த வருடம் ஆடி மாதம், ராத்திரி ஏழு மணி இருக்கும். டையில் (தகட்டை வெட்டும் அச்சில்) சிக்கிய ஸ்க்ராப்பை விரலால் தள்ளும்போது கால் பெடலில் பட்டுவிட்டது. முப்பது வயதுப் பையன், வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டைக் கழற்றி வைத்திருந்தோம், பீஸ் சீக்கிரம் விழும் என்று. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்தே ஏஜென்ட்டுக்குப் போன் அடித்தேன். "கவலைப்படாதீங்ணா, கிளெய்ம் போட்டுக்கலாம்" என்றார். பில் 85,000 வந்தது. மருத்துவச் செலவு என்கிற கூடுதல் கவரே பாலிசியில் சேர்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தொழிலாளியின் வைத்தியச் செலவு முழுவதையும் முதலாளி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2009 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அதைப் பாலிசியில் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி, கிளெய்மை விசாரிக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது விழுந்தது. பாலிசியின் விவரப் பக்கமான ஷெட்யூலைத் திருப்பி என் பக்கம் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார். பணியின் தன்மை: பேக்கிங், அலுவலக உதவி. ஆட்கள்: 7. மாதச் சம்பளம்: 6,000. என் பட்டறையில் அலுவலகம் என்று ஒன்று கிடையாது, ஒரு மேசையும் முருகன் காலண்டரும்தான். 5,600 எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது. பிரஸ் ஆபரேட்டர் என்று எழுதினால் ரேட் ஏறும், உண்மைச் சம்பளத்தைப் போட்டாலும் ஏறும். இரண்டையும் குறைத்து எழுதியிருந்தார். கீழே என் கையெழுத்து. கிளெய்மை நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டது.

ஏஜென்ட் அப்புறம் சொன்ன யோசனைதான் இன்னும் மோசம். "பையனுக்கு முப்பதாயிரம் குடுத்து, பத்திரத்துல எழுதி வாங்கிடுங்ணா." நல்லவேளை, ஒரு வக்கீலைக் கேட்டேன். உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் பத்திரம் அந்த 1923 சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி செல்லவே செல்லாது. நாளைக்கே அவன் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, அபராதமாகப் பாதித் தொகை வரைக்கும் கூட வரலாம்.

கணக்கை வக்கீலே போட்டுக் காட்டினார். அவன் சம்பளம் 14,000. அதில் 60 சதவீதம் 8,400. முப்பது வயதுக்குச் சட்டம் சொல்லும் பெருக்கு எண் 207.98, பெருக்கினால் 17,47,032. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவுக்குச் சட்டத்தின் அட்டவணையில் 11 சதவீதம். ஆக 1,92,000 ரூபாய்க்குச் சற்று மேலே. நகையை வைத்துத்தான் கட்டினேன், ஆணையர் அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்து. வருடத்துக்கு 8,400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது.

2025 நவம்பரிலிருந்து பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்கிற புதிய சட்டத்துக்குள் போய்விட்டது. அதனால் பொறுப்பு நம்மை விட்டுப் போய்விட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது வேறு இடத்தில் போட்டிருக்கிறேன். படிவத்தை நானே நிரப்பினேன்: பிரஸ் ஆபரேட்டர் நான்கு பேர், வெல்டர் ஒருவர், ஹெல்ப்பர் இருவர், வாங்குகிற சம்பளம் அப்படியே. மருத்துவச் செலவும், கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். வட்டியும் அபராதமும் அதிலும் சேராது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரீமியம் 16,300.

பையன் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறான், டிரில்லிங்கில். கார்டைத் திரும்ப மாட்டியாயிற்று.