8,450 ரூபாவும் உருகிப்போன ரப்பர் புழுக்களும்: தூண்டில் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குளத்துத் தூண்டிலுக்கான செயற்கை இரையான ரப்பர் புழுக்களை இணையத்தில் வாங்க நினைக்கும் மலையக நண்பர்கள், பணம் அனுப்பும் முன்னர் இதை வாசித்துவிடுங்கள். சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து வட்ஸ்அப்பில் வியாபாரம் நடத்தும் ஒரு தூண்டில் கடையிடம் 8,450 ரூபாவை இழந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக் குளத்தில் இருப்பவை பெரும்பாலும் உள்ளங்கையளவு திலாப்பியாக்கள். அவற்றின் வாய் சிறியது. ஆகையால் ஒன்று முதல் ஒன்றரை அங்குலச் சுருள்வால் புழுக்களும், 1.7 கிராம் ஈயத்தலைத் தூண்டில்களும், அவற்றுடன் கொளுவுவதற்கு, இழுக்கும்போது தகடு சுழலும் சிறிய ஸ்பின்னர்களும் வேண்டுமென்று தெளிவாக எழுதியிருந்தேன். “தண்ணி கலங்கலா, தெளிவா அண்ணே?” என்று குரல்பதிவில் விசாரித்த விற்பனையாளர், கலங்கல் நீருக்கு வட்டத் தகடுதான் கூடுதல் அதிர்வைத் தருமென்று விளக்கி, வாளித் தண்ணீரில் புழுவின் வால் நெளியும் காணொளி ஒன்றையும் அனுப்பினார். சொன்னவை யாவும் சரியானவை. இத்தனை விபரம் தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யார்தான் நினைப்பார்கள்? தோட்டப் பகுதிகளுக்குப் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் வசதி இல்லையென்று கூறி, 8,450 ரூபாவையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிடச் செய்தார்.

ஹட்டன் டவுனில் கூரியர் பார்சலைப் பெற்றுப் பிரித்தபோது எண்ணெய் நாற்றம்தான் முதலில் வந்தது. சாதாரண பீவீசீ புழுக்களையும், இழுத்தால் நீளும் வேறு வகைப் புழுக்களையும் ஒரே பைக்குள் அடைத்திருந்தார்கள். இவ்விரண்டும் ஒட்டியிருந்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும் என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாததன்று. பச்சையும் வெள்ளையும் கலந்து கூழாகி, விரலில் பிசினாக ஒட்டின. தப்பியவை மூன்று அங்குல நீளம். திலாப்பியா வால்நுனியைக் கடித்து இழுத்துவிட்டுப் போய்விடுகிறது, தூண்டில் முள் அதன் வாய்க்கு எட்டுவதேயில்லை. ஸ்பின்னர் தகடோ மெதுவாகச் சுற்றி இழுக்கும்போது அசைவதேயில்லை. வேகமாக இழுத்தால், கோணலாக வார்க்கப்பட்ட புழு தானே சுழன்று தூண்டில் நூலான தங்கூசியை முறுக்கிவிடுகிறது.

முறையிட்டதும், “வெயில்ல வச்சிருப்பீங்க அண்ணே” என்றார்கள். பனியும் தூறலுமாகக் கிடக்கும் ஹட்டனில் வெயிலாம்! பிறகு முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்கள். அதன்பின் பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி கேட்டார்கள். அதுவும் என்னிடம் இருந்தது, உடனே அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்குறி விழுந்தது, அத்துடன் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள். கொழுந்து பறிப்பவரின் பல நாட் சம்பளமான 8,450 ரூபாவுக்கு இவ்வளவுதான் பதில். அதே வாளிக் காணொளி இன்றும் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்திருக்கிறேன்.

எப்படித் தெரிவு செய்வதென்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. புழுவின் நீளத்தை அடிமட்டத்தோடு வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வால் மெல்லியதாக இருக்கட்டும். இருவகைப் பிளாஸ்டிக்கை ஒரே பெட்டியில் போடாதீர்கள். தகட்டை வாயால் ஊதிப் பாருங்கள், சுழலாவிட்டால் வாங்காதீர்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.