கையில் பட்டையா, சுவரில் சென்சாரா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தனியாக இருக்கும் அம்மாக்கள் நலமாக நடமாடுகிறார்களா என்று தூரத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்ள, வெளியூர்ப் பிள்ளைகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். கைப்பட்டை நடையை எண்ணும், பச்சை ஒளியால் நாடித்துடிப்பை அளக்கும், வாசல் தாண்டினாலும் கூடவே வரும். ஆனால் வளையலோடு உரசும். மாவு பிசையக் கழற்றினால் அலமாரியிலேயே கிடக்கும். சார்ஜும் போட வேண்டும்.

சுவர்ச் சென்சாருக்கு அந்தத் தொல்லை இல்லை. உடல் வெப்பம் நகர்வதை மட்டும் உணரும், கேமரா கிடையாது. பேரன் வந்திருந்தால் நடந்தது யார் என்று தெரியாது, சரி. பெரிய சங்கடம் வேறு: இரவில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பது மகனுக்குத் தெரிவதில் அம்மாவுக்குக் கூச்சம் வரும். நியாயமான கூச்சம் அது.

தோட்டத்துக்குப் போய்வருபவருக்குப் பட்டை, வீட்டோடு இருப்பவருக்குச் சென்சார் என்பேன். தகவல் யாருடைய போனுக்குப் போகலாம் என்பதை மட்டும் அம்மாவிடமே கேளுங்கள்.