விலை இறங்கும் டீவி ஏலத்தில் தையல் மெஷின் எடுத்து 31,400 ரூபாய் போய்விட்டது. திருகோணமலை ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள்

இன்று காலையும் அந்த ஏலக் கம்பனியின் நம்பருக்கு எடுத்தேன். பாட்டுத்தான் போகிறது, ஆள் வரவில்லை. அந்தக் கோபத்தோடேயே இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை வாசியுங்கள். டிஷ்ஷிலும் கேபிளிலும் வருகிற, விலை இறங்கி இறங்கி வரும் ஏலச் சானல்களில் சாமான் வாங்க நினைக்கிற ஒருவராவது நிற்கட்டும். எப்படித் தப்பலாம் என்பதையும் முடிவில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 31,400 ரூபாய். என் தங்கச்சியின் காசு. உப்புவெளியில் வீட்டோடு இருந்து தைக்கிறாள். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்குக் கூலி 1,200 ரூபாய். அப்படிப் பார்த்தால் இருபத்தாறு பிளவுஸ். அளவெடுத்து, வெட்டி, தைத்து, ஹூக் வைத்து, பிடிக்கவில்லை என்று திரும்பி வந்ததைப் பிரித்து மறுபடி தைத்துச் சேர்த்த காசு. பழைய கால் மெஷினை மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பங்குனியில் கோணேசர் திருவிழா, அதற்குப் பிறகு சித்திரை வருடப்பிறப்பு, இரண்டுக்கும் சேர்த்துத் துணி வந்து குவியும். அதற்கு முதல் ஒரு கரண்ட் மெஷின் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

சானலின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் வழக்கு என்று வருவார்கள் என்று தெரிந்த ஒரு அண்ணா தடுத்துவிட்டார். வகையைச் சொல்கிறேன். நாடகமும் இல்லை, செய்தியும் இல்லை, விடிய விடியச் சாமான் விற்பதுதான் வேலை. திரையின் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் சிவப்பு எழுத்தில் விலை. அந்த விலை எங்கள் கண் முன்னாலேயே விழும். அதற்குக் கீழே "மிச்சம்" என்று ஒரு எண், அதுவும் குறைந்துகொண்டே போகும். அடியில் கொழும்பு நம்பர் ஒன்று ஓடும்.

அன்று இரவு தையல் மெஷின் காட்டினார்கள். 89,990 ரூபாயில் தொடங்கினார்கள். அறிவிப்பாளர் ஒரு டெனிம் துணியை எட்டு மடிப்பாக மடித்து ஊசிக்குக் கீழே வைத்தார். கேமரா ஊசிக்குக் கிட்டப் போனது. டக் டக்கென்று நேர் தையல், பிழையே இல்லை. தங்கச்சி கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். 74,500. பிறகு 59,900. மெஷினைத் தூக்கி மேசையில் வைக்கிறார், "தொம்" என்று சத்தம் கேட்கிறது, பாரமான மெஷின் என்று அந்தச் சத்தத்திலேயே நம்பிக்கை வந்துவிடும். 42,000. மிச்சம் 11. வவுனியாவிலிருந்து ஒரு அம்மா லைனில் வந்து, "போன மாதம் எடுத்தனான், இப்ப பக்கத்து வீட்டுக்கும் ஒண்டு வேணும்" என்கிறார். மிச்சம் 7. விலை 28,900க்கு வந்து நின்றது. இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏறிவிடும் என்று அறிவிப்பாளர் கத்துகிறார்.

நான் ஃபோன் எடுத்தேன். உடனே ஆள் வந்தது, ஃபோன் மணி ஒரு தரம் அடிப்பதற்குள். இதைக் கவனியுங்கள், வாங்கும்போது முதல் மணி அடிப்பிலேயே எடுப்பார்கள்.

"சொல்லுங்க அக்கா" என்றாள் ஒரு பிள்ளை. எந்த ஊர் என்று கேட்டாள். திருகோணமலை என்றேன். "ஐயோ, நான் மட்டக்களப்பு அக்கா, பக்கத்து ஊர்தானே" என்றாள். யாருக்கு மெஷின், என்ன தைக்கிறவ என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டாள். தங்கச்சியின் முழங்காலைப் பற்றிக்கூட அவளிடம் சொன்னேன். "என்ட அம்மாவுக்கும் கால் ஏலாதக்கா. இதைத்தான் எடுத்துக் குடுத்திருக்கன், இப்ப இருந்த இடத்திலயே தைக்கிறா" என்றாள். உள்ளுக்கு இரும்பா பிளாஸ்டிக்கா என்று நேராகவே கேட்டேன். "முழுக்க இரும்பு அக்கா, பயப்படாதீங்க." இந்தப் பதிவில் ஒரே ஒரு வரி உங்கள் நினைவில் நிற்பதென்றால் அந்த வரி நிற்கட்டும். எங்கள் பேச்சு, எங்கள் பக்கத்துப் பிள்ளை, அம்மாவின் கால். அவ்வளவும் ஒரு விற்பனைக்கு.

விலையைப் பிடித்து வைக்க உடனே 5,000 ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போட வேண்டும் என்றாள். போட்டோம். அதற்குப் பிறகுதான் கணக்கு வளர்ந்தது. கூரியர் 1,750. "ப்ரொசெஸிங்" என்று இன்னொரு 750. திரையில் இந்த இரண்டும் எங்கேயும் இல்லை. 28,900 என்று பார்த்தது 31,400 ஆகிவிட்டது.

பெட்டி வந்தது. கூரியர் தம்பி மிச்சம் 26,400ஐ எண்ணி வாங்கும் வரை பெட்டியில் கை வைக்க விடவில்லை. "காசு தந்தாப் பிறகுதான் உடைக்கலாம் அக்கா, அது ரூல்ஸ்." அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் சம்பளத்துக்கு ஓடுகிறவர். பெட்டியைக் கையில் வாங்கியதுமே தங்கச்சியின் முகம் மாறிவிட்டது. ஒரு கையால் தூக்கினாள்.

உள்ளே இருந்தது முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக். ஒரு சோற்றுப் பார்சலை விடக் கொஞ்சம் பெரிது. அடியில் நான்கு பென் பேட்டரி போடுகிற இடம். 6 வோல்ட் அடாப்டர் ஒன்று, அதுவும் இரண்டு தட்டை முள் உள்ளது. எங்கள் வீட்டுச் சுவரில் 13 அம்பியர் சதுர முள் சொக்கெட், அதில் இது போகவே போகாது. வேறு அடாப்டர் வாங்கிக் கொழுவித்தான் தைத்துப் பார்த்தாள். ஒற்றைத் துணியில் ஓடியது. பிளவுஸின் கைக்குழியில், துணியும் லைனிங்கும் சேர்ந்து நாலு மடிப்பு வரும் இடத்தில், ஊசி இறங்கி நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் கீச்சென்று கத்துகிறது. துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் நூல் ஒரு பெரிய முடிச்சாகத் திரண்டு கிடக்கிறது. அதைப் பிளேடால் வெட்டி எடுத்ததில் வாடிக்கையாளரின் துணியும் கிழிந்தது. அதற்கும் அவள்தான் காசு கொடுத்தாள். எட்டு மடிப்பு டெனிம் தைத்த மெஷின் எங்கே, இது எங்கே? காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று. இதே பெட்டியை, இதே படத்தோடு, டவுனில் ஒரு கடையில் 6,500 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் பக்கத்தில்.

ஃபோன் எடுத்தேன். முதல் மணி அடிப்பிலேயே எடுத்தவர்கள் இப்போது அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டார்கள். வந்த ஆள், "மேடம், திரையில காட்டினது மாதிரிக்கு மட்டும், அது விளம்பரத்திலயே எழுதி இருக்கு" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்றால் "கீழ, சின்ன எழுத்தில மேடம்." அடுத்தவர், பெட்டி உடைக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். எடுக்காவிட்டால் முறைப்பாடு ஏற்கமாட்டார்களாம். அதற்கு அடுத்தவர், டெக்னீசியன் கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. இன்னொருவர், "கொழும்புக்கு உங்கட செலவில அனுப்புங்கோ, செக் பண்ணிப் போட்டு வவுச்சர் தருவம்" என்றார். என்ன வவுச்சர்? அதே சானலில் இன்னொரு சாமான் எடுக்கிற வவுச்சர். 31,400 ரூபாயைக் கொடுத்துவிட்டு அதே ஆட்களிடம் மறுபடி வாங்க வேண்டுமாம். மட்டக்களப்புப் பிள்ளையைக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே வேலை செய்வதில்லை என்றார்கள்.

சானல்காரரையே பிடிப்போம் என்று வேறு நம்பர் தேடி எடுத்தால், "நாங்க நேரத்தை மட்டும்தான் விக்கிறம், சாமானுக்குப் பொறுப்பு கம்பனி" என்கிறார்கள். கம்பனி கூரியரைக் காட்டுகிறது. கூரியர், சீல் போட்ட பெட்டியைச் சீலோடு கொடுத்தோம் என்கிறது. ரசீதைப் பார்த்தால் கம்பனிக்கு வீதிப் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. ஒரு மொபைல் நம்பர் மட்டும்.

இதற்கிடையில் அதே சானலை மறுபடி போட்டுப் பார்த்தோம். அதே மெஷின். அதே அறிவிப்பாளர், அதே சட்டை. 89,990இல் தொடங்கி அதே இடங்களில் தட்டித் தட்டி இறங்குகிறது. 42,000க்கு வரும்போது மிச்சம் 11. வவுனியா அம்மா அதே குரலில் வந்து பக்கத்து வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்கிறார். எல்லாமே பதிவு செய்து ஓட விடுவது. அதைப் பார்த்த தங்கச்சி எழும்பி உள்ளே போய்விட்டாள். பிறகு ஒரு நாள் அதே மெஷின் 24,900க்கும் இறங்கியது. எங்களுக்குச் சொன்ன "கடைசி விலை" அதுவும் பொய்.

ஏலம் என்கிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் ஊர்க் கடற்கரையில் மீன் ஏலம் பார்க்காதவர் யார்? மீன் முன்னால் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஏலம் கேட்கிறவர்கள்தான் விலையை ஏற்றுவார்கள். இறங்கும் ஏலமும் உலகத்தில் இல்லாதது இல்லை. எங்கள் கோட்டையைத் திருத்திக் கட்டிய அதே ஒல்லாந்தரின் நாட்டில், ஆல்ஸ்மேர் என்ற இடத்துப் பூச்சந்தையில் அப்படித்தான் விற்கிறார்கள். மணிக்கூடு மாதிரி ஒன்றில் விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துகிற வியாபாரிக்குப் பூ. அங்கே விலையை நிறுத்துவது வாங்குகிறவன் கை. டீவியில் நிறுத்துவது விற்கிறவன். 89,990 என்று தொடங்கியதும் அவன்தான், 28,900இல் நிறுத்தியதும் அவன்தான், மிச்சம் 7 என்று போட்டதும் அவன்தான். எங்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. தொடக்க விலைக்கு அந்தச் சாமானை எந்தக் கடையிலாவது யாராவது விற்றிருக்கிறார்களா? இல்லை. பிறகு எங்கே இறங்கியது?

லண்டனில் இருக்கிற எங்கள் மச்சாளிடம் சொன்னபோது, அங்கேயும் 2000ஆம் ஆண்டு தொட்டு இப்படிச் சானல்கள் ஓடின என்றா. ஒரு விஷயம் அங்கே வேறு மாதிரி. விலை இறங்கும் சானலில், விலை கூட இருக்கும்போதே முதலில் வாங்கியவருக்கும் கடைசியாக நின்ற குறைந்த விலைதான் போட்டார்கள். அப்படியிருந்தும் தொடக்க விலை, ஒப்பீட்டு விலை என்று காட்டி ஏமாற்றுவதாக விளம்பரங்களைக் கண்காணிக்கிற சபை அவற்றைத் திரும்பத் திரும்பக் கண்டித்தது. 2014இல் அவற்றை நடத்திய கம்பனி நொடித்து அந்தச் சானல்கள் மூடிவிட்டன. அங்கே இப்போது தொலைவிலிருந்து வாங்குகிற பெரும்பாலான சாமான்களை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லவும் சட்டம் இருக்கிறது. நாங்கள் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை, கையில் வருவதைச் சொல்கிறேன்.

முன்பணம் கேட்டால் ஃபோனை வைத்துவிடுங்கள். "விலையைப் பிடிச்சு வைக்க" என்ற பேச்சே வேண்டாம். மாடல் நம்பரையும் நிறையையும் கேளுங்கள். எத்தனை கிலோ என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள், அங்கேயே தெரிந்துவிடும். கூரியருக்குக் காசு கொடுக்கும் முன்னமே ஃபோனில் வீடியோவைப் போடுங்கள், பெட்டி மேலே ஒட்டியிருக்கிற சீட்டும் அதில் தெரிய வேண்டும். டீவியில் ஓடும்போது திரையையும் படம் பிடித்து வையுங்கள், விலையும் பொருளும் ஒன்றாகத் தெரியும்படி. ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு எடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வவுச்சர், டெக்னீசியன் என்று இழுத்தடிப்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரிகிறது. நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம். 31,400 ரூபாய் என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டு, ரசீதின் பிரதியும் மெஷினின் படமும் வைத்து.

நிலாவெளி, சாம்பல்தீவு, பாலையூற்று, உவர்மலைப் பக்கம் இதே வெள்ளைப் பெட்டி வந்த ஆட்கள் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். தனித்தனியாகக் கொடுப்பதை விட ஒன்றாகக் கொடுத்தால் பலம். பெட்டியை எறியாதீர்கள், அடாப்டரையும்.