நாலு வருஷம், ஒரு நோட்டு: பிரிட்ஜில் என் ஏலமும் லீடும்

ஒரே பார்ட்னரோடு நாலு வருஷமாக ஆன்லைனில் பிரிட்ஜ் (ரெண்டு ஜோடியாக நாலு பேர் ஆடும் சீட்டாட்டம்) ஆடுகிறேன். வாரத்துக்கு ரெண்டு நாள் ஆட்டம். மறுநாள் அரை மணி நேரம் போனில் சண்டை. நடுவில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஏலமும் (எது துருப்பு, எத்தனை சுற்று ஜெயிப்போம் என்று போட்டி போட்டுச் சொல்வது) முதல் லீடும் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் சீட்டு) தேற நான் செய்தது மொத்தமே இவ்வளவுதான்.

முதல் வருஷம் நோட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் 13 சீட்டு, ஏலம், போட்ட லீட், கிடைத்த பிடிகள் (ஜெயித்த சுற்றுகள்) என்று எழுதிக்கொண்டே போனேன். 52 சீட்டும் திறந்த பிறகு பார்த்தால் யாருக்கும்தான் சரியான லீட் தெரியும்! ரெண்டாம் வருஷம் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: டம்மி (ஏலம் எடுத்தவரின் ஜோடி திறந்து வைக்கும் கை) இறங்கும் முன் அந்த லீடுக்கு நான் மனசில் வைத்திருந்த காரணம், ஒரே வரியில். ஆட்டம் முடிந்து எழுதினால் காரணத்தை நாமே ஜோடித்துவிடுவோம் (நிறைய ஜோடித்திருக்கிறேன்). அதனால் சீட்டைப் போட்ட கையோடு எழுத வேண்டும். மூணு மாசம் கழித்துப் புரட்டினால், பாதிக் கட்டங்களில் 'நாலாவது பெரிய சீட்டு' என்று மட்டும் இருந்தது. நீளமான சூட்டில் (ஒரே ஜாதிச் சீட்டுகளில்) போடும் வழக்கமான லீட் அது. அதாவது ஏலத்தையே நான் கேட்கவில்லை.

ஒரு கையைச் சொல்கிறேன். எதிரிகள் 1 நோ ட்ரம்ப், நேராக 3 நோ ட்ரம்ப் (துருப்பில்லாமல் 9 பிடி எடுப்போம் என்று). என்னிடம் ஸ்பேட் 10-9-4, ஹார்ட் குயின்-5, டைமண்ட் குயின்-8-6-3, கிளப் 9-7-5-2. பழக்கதோஷத்தில் டைமண்ட் 3 போட்டேன். டிக்ளரர் (ஏலம் எடுத்து ஆடுபவர்) ஜாக்கில் பிடித்தார். ஏஸ், கிங், ஜாக் மூணும் அவர் கையில்தான். ஓசியில் ஒரு பிடி கொடுத்தாயிற்று. 9 பிடி எடுத்துவிட்டார்கள்.

நின்று யோசித்திருக்கலாம். 1 நோ ட்ரம்ப் என்றால் 15 முதல் 17 பாயிண்ட் (ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1). ரெண்டு கையும் சேர்த்து 26 என்று வைத்தால், மொத்தம் 40-ல் என் 4 போக பார்ட்னரிடம் 10 பக்கம் இருக்கிறது. ஆக, இந்த ஆட்டத்தைக் கவிழ்க்கப்போவது அவர் கை, என் கை அல்ல. டம்மி ஸ்டேமன் (நாலு ஸ்பேடோ நாலு ஹார்ட்டோ இருக்கிறதா என்று ஜோடியைக் கேட்பது) கேட்கவில்லை, அப்படியானால் அங்கே நாலு ஸ்பேடோ நாலு ஹார்ட்டோ இருக்க வாய்ப்புக் குறைவு. எனவே பார்ட்னரிடம்தான் நீளம். ஸ்பேட் 10 போட்டிருக்க வேண்டும். அவரிடம் கிங்-ஜாக்-8-7-2 இருந்தது, பக்கத்தில் கிளப் ஏஸ். மூணாவது சுற்றில் டிக்ளரரின் ஏஸ் போயிருக்கும், கிளப்பில் உள்ளே வந்து மீதி ரெண்டு ஸ்பேடையும் எடுத்திருப்பார். எதிரிகள் ஒரு பிடி டவுன், அதாவது சொன்னதில் ஒன்று குறைவு.

இதற்குப் பிறகு டபுள் டம்மி அலசலில் மயங்கினேன். எந்தச் சீட்டுப் போட்டால் எத்தனை பிடி என்று நொடியில் காட்டும் மென்பொருள். டிக்ளரர் ஆட்டத்தைத் திருத்த அருமையான ஆசான். லீடுக்கு மட்டும் அதை அப்படியே நம்பாதீர்கள். அதற்கு நாலு கையும் தெரியும், நமக்கு ஒரு கைதான். ஒரு ஒற்றைக் கையில் கிளப் கிங் போட்டால்தான் ஜெயிப்பு என்று அது சொல்லலாம். அதே ஏலத்தில் அடுத்த கைகளில் கிளப் கிங் போட்டால் அழிந்துபோவோம். எனவே என் 13 சீட்டைத் தனியே வைத்துவிட்டு, மீதி 39-ஐக் குலுக்கி மூணு பேருக்கும் பங்கு போட்டுப் பார்த்தேன். ஏலத்துக்குப் பொருந்தாத கைகளை ஒதுக்கிவிட வேண்டும். இருபது தடவை போடுவதற்குள் கை கடுத்துவிடும். பிறகு அந்த வேலையைக் கணினியிடம் விட்டேன். ஆனால் கையால் போட்ட அந்த நாட்களில்தான் எதிராளியின் கை எப்படி இருக்கும் என்ற படம் மனசில் ஒட்டியது.

லீடு திருந்தத் திருந்த, ஏலம்தான் மோசம் என்று தெரிந்தது. 11 பாயிண்டோடு ஜாக்-9-7-5-3 ஸ்பேடை வைத்துக்கொண்டு எதிரியின் ஏலத்துக்கு நடுவே 1 ஸ்பேட் என்று குறுக்கே சொன்னேன். பார்ட்னர் விசுவாசமாகக் கிங்-4-லிருந்து கிங்கைப் போட்டார். ஏஸும் குயினும் எதிரியிடம். அன்றைய போன் பேச்சு நீண்டது. இப்போது நான் குறுக்கே ஒரு சூட் சொன்னால், அதை லீட் பண்ணச் சொல்வதாகவே அர்த்தம்.

சொல்லாமல் விட்டதும் ஏலம்தான். இதற்கு எங்களுக்கு மூணு வருஷம் பிடித்தது. எதிரி பிளாக்வுட் (ஜோடியிடம் எத்தனை ஏஸ் என்ற கேள்வி) கேட்டு, பதில் 5 டைமண்ட் வருகிறது. டைமண்ட் கிங்-குயின் இருந்தால் பார்ட்னர் அதை டபுள் பண்ணி (பந்தயத்தை இரட்டித்து) டைமண்டை லீட் பண்ணச் சொல்லியிருப்பார். பாஸ் பண்ணிவிட்டார், சரி, வேறு சூட்டைத் தேடு. இதைப் போல, 1 ஸ்பேட், 1 நோ ட்ரம்ப், 2 ஹார்ட், பாஸ் என்று ஏலம் முடிந்து, என்னிடம் நல்ல ஸ்பேட் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு துருப்பு லீட்தான். ஸ்பேட் குறைந்த டம்மியில் அதைத் துருப்பால் வெட்டுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

கன்வென்ஷன்களை (ஏலத்தில் ஜோடி பேசிவைத்துக்கொள்ளும் சங்கேதங்களை) குறைத்தது எங்களுக்கு நல்லது செய்தது. ஸ்டேமன், டிரான்ஸ்பர், பிளாக்வுட், டேக்அவுட் டபுள், நெகடிவ் டபுள் போக மற்றதைத் தூக்கிப்போட்டோம். மறந்துபோன கன்வென்ஷனால் போன பாயிண்டுகள் நோட்டில் இருக்கின்றன, வெட்கக்கேடு. டீம் ஆட்டத்தில் வல்னரபிளாக (வரவும் நஷ்டமும் கூடும் நிலையில்) இருந்தால் 4 ஸ்பேடை (ஸ்பேட் துருப்பில் 10 பிடி) துணிந்து சொல்கிறோம். ஜெயித்தால் 10 ஐஎம்பி (டீம் ஆட்டப் புள்ளி) வரவு, ஒரு பிடி டவுனானால் 6 நஷ்டம். 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே போட்ட காசு வந்துவிடும். வல்னரபிள் இல்லையென்றால் 45 சதவீதம் வேண்டும்.

ரோபோவோடு ஆடியது கை எண்ணிக்கைக்கு உதவியது, லீடுக்கு உதவவில்லை. அது தன் முறைப்படி ஏலம் கேட்கும், நாம் எதற்காக ஒரு சீட்டைப் போட்டோம் என்று கேட்டு வாக்குவாதம் பண்ணாது. பார்ட்னர் பண்ணுவார்.

இன்னும் தேறாத விஷயம், ஸ்லாமுக்கு (12 அல்லது 13 பிடி எடுப்போம் என்ற ஏலத்துக்கு) எதிரான லீட். லைட்னர் டபுள் (எதிரியின் ஸ்லாமின்மேல் பார்ட்னர் சொல்லும் டபுள்) வந்தால் வழக்கமான லீடை விட்டு வேறொன்றைத் தேட வேண்டும் என்று தெரியும், டம்மி முதலில் சொன்ன சூட்டை நினைக்க வேண்டும் என்றும் தெரியும். போன மாசம் அந்த டபுள் வந்தது. நான் பத்திரமாகத் துருப்பைப் போட்டேன். நோட்டில் காரணக் கட்டத்தில் 'பயம்' என்று இருக்கிறது.